நாற்காலியிலிருந்து எழும் வலு: முதியோருக்கான பயிற்சியும் உணவும்

அறுபதைக் கடந்தவர்களில் பலர், காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டால் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது என்று கருதுகிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லதுதான். ஆனால், பிறர் கைகொடுக்காமல் தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதற்கு வேண்டிய தொடை வலுவை அது பெரிதாகக் கூட்டுவதில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் விடுபடுவது இவை இரண்டும்தான்.

தொடங்குவதற்கு ஒரு நாற்காலி போதும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து, கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் முன்பகுதியில் அமருங்கள். பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து, மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக அமருங்கள். பொத்தென்று அமர்ந்தால் பயிற்சியின் பாதிப் பயன் போய்விடும். எட்டுப் பத்து முறை எழுந்து, சற்று ஓய்வெடுத்து, இன்னொரு சுற்று செய்யலாம். எழ முடியாதவர்கள் இருக்கையில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். பின்னர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும், பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்வதைத் தவிர்ப்பது நல்லது.

தசைக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது, புரதமும் வேண்டும். முதியோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது பல வல்லுநர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். காலையில் இட்லியும் சட்னியும், மதியம் சாம்பார் சாதம், இரவில் மீண்டும் இட்லி என்று உண்பவருக்கு இதில் பாதி கிடைப்பதே அரிது. ஒரு முட்டையிலோ ஒரு தம்ளர் பாலிலோ ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தாலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். நீராக ஓடும் சாம்பாரைக் கணக்கில் சேர்க்காமல், பருப்பைக் கெட்டியாகக் கடைந்து மூன்று வேளையும் பங்கிட்டு உண்ணுங்கள். பல் இல்லாதவர்களுக்குப் பாசிப்பருப்புக் கஞ்சியும் சுறாப்புட்டும் எளிதாக இறங்கும். சைவ உணவினரும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களும் வைட்டமின் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

மாதம் ஒருமுறை, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தால், வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.