வண்டியே வீடு என்றால் ஆக்சிஜன் மெஷினுக்கு என்ன வழி?

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இல்லாமல் பேட்டரி வாங்கக் கிளம்பாதீர்கள். கணக்கு முழுக்க அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. டெம்போ டிராவலரைத் தங்கும் வண்டியாக மாற்றியிருக்கிறீர்கள், நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) இருக்கிறது, இரவில் 8 மணி நேரம் நிமிடத்துக்கு 2 லிட்டர் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: மின்சாரக் கணக்கு

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 300 முதல் 350 வாட் இழுக்கும். உங்களுடையது எவ்வளவு என்று பின்பக்க ஸ்டிக்கரில் பாருங்கள். ஓட்டத்தை 5-லிருந்து 2-க்குக் குறைத்தால் கரன்ட்டும் பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

350 வாட், 8 மணி நேரம்: 2,800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் சுமார் 3,200. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 90 சதவீதம் வரை இறக்கலாம் என்பதால் 12.8 வோல்ட்டில் 280 ஏஎச் (ஆம்பியர்-மணி) வருகிறது. 300 ஏஎச் வாங்குங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி மலிவுதான். ஆனால் இதே வேலைக்கு 150 ஏஎச்சில் நான்கு வேண்டும், எடை 200 கிலோவைத் தொடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஆக்சிஜன் ஓடுகிற, ஆள் தூங்குகிற வண்டிக்குள் அது வேண்டவே வேண்டாம்.

24 மணி நேரமும் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்கு 8,400 வாட்-மணி வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் சென்னை வெயிலில்கூட 1,500 வாட்-மணி கிடைத்தால் அதிகம். அவர்கள் தினமும் ஏதாவது ஒரு பிளக் பாயின்ட் கிடைக்கும் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

படி 2: வயர். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்

பேட்டரி ஃபுல், இன்வெர்ட்டர் 1,000 வாட். மெஷினைப் போட்டதும் 'டக்' என்று சத்தம், பீப், எல்லாம் ஆஃப். உடனே இன்வெர்ட்டர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பெரும்பாலும் தவறு வயரில்தான் இருக்கும்.

கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். 12 வோல்ட் பக்கத்தில் அது 100 ஆம்பியரை எட்டும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், இன்வெர்ட்டர் 3 மீட்டர் தள்ளி, நடுவில் 6 சதுர மி.மீ. வயர் என்றால் போக வர 6 மீட்டரில் ஏறக்குறைய 1.8 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.8 இருந்தாலும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவது 11. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். 35 சதுர மி.மீ. காப்பர் வயர் போடுங்கள். வயர் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் டூலால் அழுத்தச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வயர் வாங்கும்போதே கேட்டால் லக் அடித்துத் தருகிற கடை அங்கேயே கிடைக்கும். பேட்டரியின் பாசிட்டிவை ஒட்டி 125 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ் (வீட்டுக் கரன்ட் போலச் சீரான அலை தருவது), 1,500 வாட். ஸ்கொயர் வேவில் கம்ப்ரசர் உறுமும், சூடாகும், சீக்கிரம் போகும். வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியில் இதை மாட்டாதீர்கள். எஞ்சின் பக்கத்து மின்சாரத்தால் இந்தப் பேட்டரியை நிரப்பும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால், வண்டி ஓடும்போது மெஷின் தின்கிற அளவுக்காவது மின்சாரம் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

படி 3: மெஷினுக்கும் மூச்சு வேண்டும்

சத்தம் தாங்கவில்லை என்று மெஷினைக் கப்போர்டுக்குள் வைத்து மூடுகிறவர்கள் உண்டு. அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து வெளியே தள்ளுகிற கருவி. மூடிய பெட்டிக்குள் தான் தள்ளிய நைட்ரஜனையே திரும்ப இழுக்கும், சூடும் ஏறும். 90-லிருந்து 96 சதவீதம் வரை இருக்க வேண்டிய ஆக்சிஜன் தரம் இறங்கி, மஞ்சள் விளக்கு எரியும். சுற்றிலும் ஓர் அடி இடைவெளி விடுங்கள். வெப்பக் காற்று வெளியேற ஜன்னல் பக்கம் 12 வோல்ட் ஃபேன் ஒன்று வையுங்கள்.

பெரும்பாலான மெஷின்களுக்கு 40 டிகிரிதான் எல்லை. 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி அடித்தது. கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உள்ளே வெளியைவிட மிக அதிகமாகச் சுடும். நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து உள்காற்று தணிந்த பிறகே மெஷினைப் போடுங்கள். வெளிப்புற ஸ்பான்ஜ் ஃபில்டரை ஈசிஆர், ஓஎம்ஆர் சாலைத் தூசிக்கு வாரம் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும்.

படி 4: தண்ணீர் பாட்டில்

வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஹியூமிடிஃபையர் (ஆக்சிஜனை ஈரமாக்கும் பாட்டில்) தண்ணீர் குழாய்க்குள் புகுந்து மூக்குக்கே வந்துவிடும். 4 லிட்டர் வரை பலருக்கு அந்தப் பாட்டிலே தேவைப்படாது. ஓடும்போது கழற்றிவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாட்டினால் காய்ச்சி வடித்த நீர், தினமும் புதிதாக. மூடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கக் குழாயை மடக்கிப் பிடியுங்கள். குமிழி நின்று விசில் மாதிரி சத்தம் வந்தால் சரி. குமிழி தொடர்ந்து வந்தால் எங்கோ கசிகிறது.

அடுப்பு

ஆக்சிஜன் துணியிலும் தலைமுடியிலும் படுக்கையிலும் தங்கும். கேனுலாவை (மூக்கில் மாட்டும் குழாயை) கழற்றிய கையோடு அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. நெருப்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே 3 மீட்டராவது வேண்டும், அது வண்டிக்குள் நடக்காத காரியம். கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, சாமி விளக்கு எல்லாவற்றுக்கும் இதேதான். உதட்டுக்கும் மூக்குக்கும் வாசலின் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் போதும்.

படி 5: சிலிண்டர்

எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் ஒரு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் இந்த வாழ்க்கை கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் 1,500 லிட்டர் இருக்கும், 2 லிட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டரை மணி நேரம். கடைசி கால் பங்கை நம்பாமல் 9 மணி என்றே கணக்கு வையுங்கள். நிற்கவைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பெல்ட்டால் வண்டியின் பாடியோடு கட்டுங்கள். வால்வில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது.

கையடக்க பல்ஸ் மெஷினில் '2' என்று காட்டுவது நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல. மூச்சை இழுக்கும்போது மட்டும் தரும். வாயால் மூச்சு விட்டுத் தூங்குபவரின் மூச்சை அது சில சமயம் உணராமலே போகும். மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் இரவில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் எண் குறைந்தால் நீங்களாக ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள பலருக்கு 88-லிருந்து 92 சதவீதம் வரைதான் இலக்கு, அதற்கு மேல் போனால் ரத்தத்தில் கரியமில வாயு சேரலாம். சிலிண்டருக்கு மாற்றியும் எண் ஏறவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் 108-க்கு அழையுங்கள். வண்டி நிற்கும் இடத்தின் அடையாளத்தை ஒவ்வொரு இரவும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

மழைக்காலத்துக்காகச் சேர்த்தது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை நிரப்பி, சிலிண்டரை மாற்றி, வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான இடங்களிலிருந்து மேட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். பேட்டரி தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் இருக்கட்டும்.

மெஷினிலிருந்து சிலிண்டருக்கு மாறுவதை மாதம் ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். வால்வைத் திற, 2-ல் வை, குழாயை மாற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஸ்பேனரும் டார்ச்சும் சிலிண்டர் கழுத்திலேயே கட்டப்பட்டிருக்கவில்லை என்று அர்த்தம்.