நெல் வயல் சேற்றில் ஆர்செனிக்: ஒளிரும் பாக்டீரியாவால் சோதிப்பது எப்படி?

மேற்கு வங்காளம், வங்கதேசம் போன்ற இடங்களின் நீர் தேங்கிய வயல் மண்ணுக்கான முறை இது. பாக்டீரியாவின் ஆர்ஸ்-ஆர் புரதம் ஆர்செனிக் இல்லாதபோது சில மரபணுக்களை அடைத்து வைக்கும், ஆர்செனிக் வந்தால் விட்டுவிடும். அவற்றோடு ஒளி தரும் மரபணுக்களை இணைத்துவிட்டால் ஆர்செனிக் பட்டதும் பாக்டீரியா ஒளிரும். இனி நேரே வேலைக்குப் போவோம்.

ரகம்: ஆர்ஸ்-ஆரோடு லக்ஸ் தொகுதி (தானே ஒளி உண்டாக்கும் மரபணுக்கள்) கொண்ட ஈ. கோலை பாக்டீரியாவே போதும். ஜிஎஃப்பி (ஒளி பாய்ச்சினால் பச்சையாக ஒளிரும் புரதம்) வேண்டாம். மட்கிலுள்ள ஹ்யூமிக் அமிலங்களும் ஒளி பாய்ச்சினால் ஒளிர்வதால் எது சென்சர், எது மண் என்று பிரிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்செனிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் ஒளிரும் இன்னொரு ரகமும் கட்டாயம் வேண்டும்.

மண் எடுத்தல்: பலரும் சறுக்குவது இங்கேதான். சேற்றை உலர்த்திச் சலிக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இரும்பு ஆக்சைடு கரையும். அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் ஆர்செனைட்டாக (ஆக்சிஜன் குறைந்த வடிவம்) நீருக்கு வந்துவிடும். காற்று பட்டால் இரும்பு மறுபடி துருவாகிப் படியும், ஆர்செனிக்கும் ஆர்செனேட்டாக (ஆக்சிஜன் கூடிய வடிவம்) மாறி அதில் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவுக்குக் கரைந்திருப்பது மட்டுமே தெரியும், ஆகவே அளவு குறைந்தே வரும். புட்டியை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, ஐஸில் வைத்து அன்றே சோதியுங்கள். ஈரப்பதம் அறியத் தனியாக 10 கிராம் எடுத்து 105 டிகிரியில் உலர்த்தினால் போதும்.

சாறு: உலர் எடை 5 கிராம் வரும்படி சேறு, அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்து 50 மி.லி. நீர். நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை நீக்கிய நீர் நல்லது. 1 மணி நேரம் குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றித் தெளிவை எடுங்கள். கலங்கல் ஒளியை விழுங்கும்.

பிஎச்: மாப்ஸ் பஃபரால் (பிஎச் மாறாமல் வைக்கும், பாஸ்பேட் இல்லாத கரைசல்) 7-க்குக் கொண்டுவாருங்கள். பாஸ்பேட் நிறைந்த எம்9 வளர்ப்பு ஊடகமும் பாஸ்பேட் பஃபரும் கூடாது. பாஸ்பேட்டும் ஆர்செனேட்டும் செல்லுக்குள் நுழைவது ஒரே வழியில்தான். பாஸ்பேட் மிகுந்தால் ஆர்செனேட் வெளியிலேயே நிற்கும். உரம் போட்ட வயலிலும் இதே சிக்கல் வரும்.

அளவீடு: சாறும் புதிதாக வளர்த்த பாக்டீரியாக் கரைசலும் சம அளவு, வெள்ளை நிறக் குழித்தட்டு, 30 டிகிரி, 2 மணி நேரம். மூடி இறுகக் கூடாது. லக்ஸ் ஒளிர ஆக்சிஜன் வேண்டும். மாதிரியின் ஒளியை வெற்றுச் சாற்றின் (ஆர்செனிக் இல்லாத மண்ணின் சாறு) ஒளியால் வகுங்கள். எப்போதும் ஒளிரும் ரகத்துக்கும் இதே விகிதம் கணக்கிட்டு, முதல் விகிதத்தை அதனால் வகுங்கள். செம்பு, துத்தநாகம் செல்லை நசுக்கி ஒளியைக் குறைத்திருந்தால் இதில் சரியாகிவிடும்.

ஒளியை ஆர்செனிக் அளவாக மாற்ற உதவும் தரக்கோட்டை வெறும் நீரில் போடாதீர்கள். அதே சாற்றில் லிட்டருக்கு 10, 25, 50 மைக்ரோகிராம் ஆர்செனைட் சேர்த்துப் பாருங்கள். (10 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு, மண்ணுக்குப் பொருத்தாதீர்கள்.) ஆர்செனிக்கை ஒத்த ஆன்டிமனி தனிமம் இருந்தாலும் ஆர்ஸ்-ஆர் கிளம்பும், அதை ஆர்செனிக் என்று எண்ணிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: பாக்டீரியாவை நேரே வயலில் விடலாமா என்று சிலர் கேட்டார்கள். அனுமதியின்றிக் கூடாது, இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி அனுமதி வேண்டும். ஆய்வகத்தில் மண்ணுக்குள்ளேயே பாக்டீரியாவை வைத்துப் பார்க்கவும் ஒளி உதவாது, மண் அதை மறைத்துவிடும். ரைஸ் பல்கலைக்கழகத்தார் அதற்காக மெத்தில் புரோமைடு வாயுவை வெளிவிடும் ரகங்களை உருவாக்கினார்கள். கழிவை 121 டிகிரியில் அவித்தால் பாக்டீரியாதான் சாகும், ஆர்செனிக் அப்படியே இருக்கும். அதை ரசாயனக் கழிவாகத் தனியே சேர்க்க வேண்டும்.