பிரிட்டிஷ் துப்பறியும் சிறுகதைகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை விரும்பிப் படித்தவர்கள் பலர், அடுத்து வேறொரு பழைய பிரிட்டிஷ் துப்பறியும் கதையை எடுத்ததும் "இது ஹோம்ஸ் மாதிரி இல்லையே" என்று பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரு தலைமுறையின் கதையை இன்னொரு தலைமுறையின் அளவுகோலால் அளப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. நல்ல கதைகள் பல இதனால் கைநழுவிப் போகின்றன.

முதலில் ஹோம்ஸையே பார்ப்போம். குற்றவாளியை நாமே முந்திக்கொண்டு பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் பல கதைகளில் ஏமாற்றம்தான். ஹோம்ஸ் தரையில் குனிந்து பூதக்கண்ணாடியால் எதையோ பார்க்கிறார் என்று கதை சொல்லும் நண்பர் வாட்சன் சொல்வார். அது என்ன என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். தடயங்களை எல்லாம் வாசகர் கண்ணிலும் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் 1920களில்தான் வலுப்பெற்றது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் அதற்குப் பத்து விதிகளே எழுதினார். 1891இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த ஹோம்ஸ் கதையிடம் போய் அந்த விதிகளைக் கேட்பது நியாயமில்லை. அங்கே ஹோம்ஸின் பேக்கர் தெரு வீட்டுக்குள் ஒருவர் நுழைந்ததும் அவருடைய சட்டைக்கையும் செருப்புச் சேறும் பேசத் தொடங்குமே, அதை ரசியுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. கொலைகாரன் யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் கதை செத்துப்போனது என்று நினைப்பது. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியிட்ட தொகுப்பில் சில கதைகளை வேண்டுமென்றே தலைகீழாக எழுதினார். முதல் பாதியில் குற்றம் நம் கண்முன்னே நடக்கும். இரண்டாம் பாதியில் துப்பறிபவரான டாக்டர் தார்ன்டைக் வந்து தூசியையும் நூலிழையையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். ஆஸ்கர் ப்ராட்ஸ்கி என்ற வைர வியாபாரியின் கதையில், ரயில் பாதையில் கிடைத்த உடைந்த மூக்குக்கண்ணாடிச் சில்லுகளை அவர் பொறுமையாகச் சேர்த்துப் பார்க்கும் இடம் எனக்கு அலுத்ததே இல்லை. எல்லாம் நமக்குத் தெரியும், ஆனாலும் அந்தச் சில்லுகளை நாம் கவனித்திருக்க மாட்டோம்.

1910இல் அறிமுகமான ஃபாதர் பிரவுன் கதைகளை வேகமாகப் புரட்டாதீர்கள். வானத்தையும் தெருவையும் வர்ணிக்கும் பத்தியைத் தாண்டிவிட்டால் கதாசிரியர் செஸ்டர்டன் அங்கே ஒளித்து வைத்ததையும் தாண்டிவிடுவீர்கள். பாதிரியாரான பிரவுன், மற்றவர்கள் தங்கள் பாவங்களைச் சொல்லக் கேட்டுக் கேட்டு மனித மனத்தைப் படித்தவர். கைரேகையை எதிர்பார்த்துப் போனால் அவர் உங்களுக்குப் பிடிபட மாட்டார்.

அகதா கிறிஸ்டி என்றால் நாவல்தான் என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு செய்தி. அவருடைய துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் முதலில் வந்தது 1927இல் ஒரு சிறுகதையில். நாவலுக்கு அவர் 1930இல்தான் வந்தார்.

அப்புறம், ஒரே மூச்சில் படிப்பது. ஹோம்ஸ் சிறுகதைகள் மொத்தம் 56. அவை பத்திரிகையில் காத்திருந்து படிக்க எழுதப்பட்டவை. ஒரு வாரத்தில் அத்தனையையும் முடித்தால் கதையின் எலும்புக்கூடு மட்டும்தான் தெரியும். இரவுக்கு ஒன்று போதும்.

தொகுப்பின் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நான் ஆசையாக வாங்கிய ஒரு தொகுப்பில், அதன் மிகச் சிறந்த கதையின் முடிவை முன்னுரையின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கதையை முதல்முறை படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை.