பட்டினி கிடந்த குதிரையை மீட்டுத் தேற்றும் முறை

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் எனப் பாலக்காட்டு எல்லையோரத்தில் தமிழ் பேசும் ஊர்களில், திருவிழா ஓட்டத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை வளர்ப்போர் உண்டு. வருமானம் நின்றபின் கவனிப்பாரின்றி எலும்பும் தோலுமாய் நிற்கும் மட்டக்குதிரையைக் கண்டால், இரக்கப்பட்டு ஒரு வாளி கொள்ளோ தவிடோ வைப்பது நம் வழக்கம். பல வாரம் பட்டினி கிடந்த குதிரைக்கு அந்த வாளியே எமனாக முடியலாம்.

முதலில் சட்டம். போதிய தீனி, நீர், நிழல் தராதிருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். நாளும் இடமும் தெரியும்படி படமெடுத்துக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, முறைப்படி கைக்கு வாங்க வேண்டும். பாவம் பார்த்து விலை கொடுத்து வாங்குவதை நான் ஏற்பதில்லை. அந்தப் பணத்தில் அதே ஆள் இன்னொரு குதிரையைப் பிடித்து வருவார். எல்லை தாண்டி ஏற்றிச் செல்வதானால் கால்நடை மருத்துவரின் நலச்சான்று கையில் இருக்கட்டும்.

வந்திறங்கிய குதிரையை ஒரு மாதமாவது தனி லாயத்தில், தனி வாளி, தனிக் கயிற்றுடன் வைக்க வேண்டும். கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஈக்கள் பரப்பும் சர்ரா நோயும் குதிரையை உருக்கிவிடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் கால்வீக்கமும் அதன் அடையாளங்கள்.

மெலிவைக் கண்ணால் மட்டும் அளக்காமல் கையால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனெனில் அடர்ந்த முடி விலா எலும்பை மறைத்துவிடும். கழுத்து, பிடரிமேடு, விலா, முதுகு, வாலடி, தோள் ஆகிய இடங்களைத் தொட்டு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடும் ஹென்னெக்கே முறை 1983இல் வெளிவந்தது. 1 என்பது தசையும் கரைந்த நிலை, 5 நல்ல நிலை. எடைமேடை இல்லாவிட்டால், முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனை முதல் பின்தொடை முனை வரையிலான நீளத்தையும் செ.மீ.இல் எடுத்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் ஏறத்தாழ 246 கிலோ.

இனித் தீனி. பட்டினி உடம்பில் திடீரென மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் பொங்கி, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துவிடுகிறது. அதனால் தீனி தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இதயமோ மூச்சோ நின்றுபோகக்கூடும். கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர், பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீனி கொடுத்து ஒப்பிட்டு, மாவுச்சத்து குறைந்த குதிரைமசால் (லூசர்ன்) என்னும் தீவனப்பயிரே ஏற்றது எனக் கண்டனர். பெரிய குதிரைக்கு முதல் மூன்று நாள் காய்ந்த குதிரைமசால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல். மட்டக்குதிரைக்கு அதில் பாதி. நான்காம் நாள் முதல் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வேளைகளைக் குறைத்து, பத்து நாளுக்குப் பிறகே வேண்டிய மட்டும் தின்ன விடலாம். பச்சையாகக் கிடைத்தால் அதில் பெரும்பகுதி நீர் என்பதால் எடை நான்கு மடங்குக்கு மேல் வரும். அளவை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வதே நல்லது.

மாட்டுக்கு வைப்பதையெல்லாம் குதிரைக்கு வைக்கலாம் என்ற தவறான எண்ணம் இப்பகுதியில் பரவலாக இருக்கிறது. கம்பு நேப்பியர் புல்லிலுள்ள ஆக்சலேட், குதிரையுடம்பில் சுண்ணாம்புச்சத்து சேராமல் தடுக்கும். சவுண்டல் (சுபாபுல்) தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும்.

அரைகுறையாய் மென்ற புல் உருண்டைகள் லாயத்தரையில் விழுந்து கிடந்தால் பல்லைப் பார்க்க வேண்டும்: தேய்ந்து கூராகி நிற்கும் கடைவாய்ப்பல்லின் விளிம்பு கன்னத்தை அறுத்துக்கொண்டிருக்கும், அதை அராவிவிட்டால்தான் தின்றது உடம்பில் ஒட்டும். குடற்புழு மருந்தை முதல் நாளே கொடுக்கக் கூடாது. ஒரேயடியாகச் செத்த புழுக்கள் குடலைப் புண்ணாக்கும் என்பதால், ஓரளவு தேறியபின் மருத்துவர் சொல்லும் மருந்தே சரி. டெட்டனஸ் தடுப்பூசி அவசியம். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லத்தி போடுவது நின்றுபோனாலோ, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தரையில் புரண்டாலோ, உடனே 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

எடை பழைய நிலையை நெருங்க மூன்று முதல் ஐந்து மாதமாகும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இங்கே நன்றாகவே பொருந்தும்: கொள்ளு வேண்டுமானால் விலா மூடியபின், வேகவைத்து, ஒரு பிடியிலிருந்து தொடங்கலாம். முதுகெலும்பின் இருபுறமும் தசை நிரம்பும்வரை சேணம் ஏற்றக் கூடாது.