கீமோவுக்குப் பின் காய்ச்சல்: வெளிநோயாளிச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் வேளையில் வரும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதே எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. வாயில் வைத்துப் பார்க்கும்போது 101 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரே ஒரு முறை காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சூடு ஏறாமலும் போகலாம் என்பதால், அவர்கள் குளிர் நடுக்கத்தையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்த வெள்ளை அணுக்கள் 2000 என்பதை மட்டும் பார்த்து ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அதில் நியூட்ரோஃபில் என்னும் வகை அணுக்கள் 20 சதவீதம் என்றால் கிருமியை எதிர்க்க இருப்பவை 400 மட்டுமே. 500க்குக் கீழே போனாலே ஆபத்து அதிகம். சீழ் பிடிப்பதற்கும் இந்த அணுக்கள்தாம் வேண்டும் என்பதால், தொண்டையும் எக்ஸ்ரேயும் தெளிவாக இருப்பதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) மாதிரி எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல், நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட வேண்டும். வீட்டுக்கு அனுப்பலாமா என்பது அதன் பிறகு, குறைந்தது 4 மணி நேரம் கவனித்துத் தீர்மானிக்க வேண்டியது. இத்தகைய காய்ச்சலின் ஆபத்தைக் கணிக்கும் மாஸ்க் (MASCC) என்ற மதிப்பெண் அளவீட்டில் மொத்தமுள்ள 26இல் 21 அல்லது அதற்கு மேல் பெற்றவரைக் குறைந்த ஆபத்துள்ளவராகக் கருதுவார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. மருத்துவமனையை ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய வீடு, இரவு பகலாகத் துணைக்கு ஓர் ஆள், தொலைபேசி, வண்டி ஆகியவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அட்மிட் செய்வதே நல்லது.

வீட்டுக்கு அனுப்பப்படுவோருக்குப் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் சேர்த்துத் தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருப்பதையோ, தொற்றுத் தடுப்புக்காக ஏற்கெனவே சிப்ரோ வகை மாத்திரை எடுத்துவருவதையோ சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. சிப்ரோவைப் பாலுடன் விழுங்கினாலும், கால்சியம், இரும்புச்சத்து, அமிலத்தைத் தணிக்கும் மருந்து ஆகியவற்றுடன் சேர்த்து எடுத்தாலும் அது உடலில் சரியாகச் சேராது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதும் எனிமா கொடுப்பதும் கூடவே கூடாது. சிறு கீறல் வழியாகவும் குடல் கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிடும்.

சூடு தணிந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், இரண்டு மூன்று நாளாகியும் தணியாத காய்ச்சலுடன் வீட்டிலேயே இருப்பதும் தவறு. தலைசுற்றல், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் தோன்றினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், கீமோ எடுப்பவர் என்பதையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் முதலில் சொல்லிவிடுங்கள்.