பிராட்வே கோபுரத்தில் ஏறிப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், பிராட்வே என்னும் சிற்றூருக்கு மேலே 312 மீட்டர் உயரக் குன்றில் நிற்கும் இந்தக் கற்கோபுரத்தைக் காணச் செல்வோர், முதலில் நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பரந்த சமவெளி மேற்கிலும் வடமேற்கிலும் விரிவதால், கதிரவன் நம் முதுகுப் பக்கம் இருக்கும் முற்பகலே ஏற்றது. பிற்பகலின் எதிர்வெயிலில் கண் கூசும், தொலைமலைகள் வெளிறிப்போகும். மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுது வாய்த்தால் அதைத் தவறவிட வேண்டாம்.

மேலேயே வாகனம் நிறுத்த இடம் உண்டு. ஆயினும் நடக்க இயன்றவர்கள், ஊரின் பெரிய தெருவிலிருந்து 'காட்ஸ்வோல்ட் வே' என்னும் நடைபாதையைப் பிடித்து, ஆடுகள் மேயும் புல்வெளிகளினூடே ஏறுவதையே பரிந்துரைக்கிறேன். ஏற்றம் கடினமானது, ஈரத்தில் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம். மூடியிருந்த வேலிக்கதவுகளைக் கடந்தபின் மறவாமல் மூடிவிட வேண்டும்.

கோபுரத்தை அடைந்ததும் உடனே உள்ளே நுழையாமல் ஒருமுறை சுற்றி வாருங்கள். மூன்று உருண்டைத் தூண்கோபுரங்களோடு பழைய கோட்டைபோல் தோன்றினாலும், இது போருக்காக எழுந்ததன்று. இக்குன்றில் மூட்டும் தீ தம் மாளிகையிலிருந்து தெரியுமா என்று கவென்ட்ரி சீமாட்டிக்கு எழுந்த ஆவலே இதற்குக் காரணம் என்பர். நிலத்தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனின் எண்ணத்துக்குக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் வடிவம் தர, 1799-இல் பணி நிறைவுற்றது.

உள்ளே ஏறக் கட்டணம் உண்டு. குறுகிய சுழற்படிகளில் இறங்குவோருக்கு வழிவிட்டு ஏறுங்கள். இடைத்தள அறைகளிலும் சற்று நில்லுங்கள். பழைய கட்டடங்களைக் காக்க 1877-இல் சங்கம் கண்ட வில்லியம் மாரிஸ், நண்பர்களோடு விடுமுறையில் தங்கிய இடம் இது என்பதை அறிந்து நிற்கும்போது இச்சுவர்கள் வெறும் சுவர்களாகத் தோன்றுவதில்லை.

உச்சியில் 16 மாவட்டங்கள் தெரியும் என்பார்கள். அவற்றை எண்ண முயல்வதைவிட, தொலைவிலிருந்து அருகே வருவது பயன் தரும். மேற்கு வடமேற்கில் நீண்டு கிடக்கும் மால்வெர்ன் மலைத்தொடரை முதலில் கண்டுகொள்ளுங்கள். அதற்கு முன்னால் தனித்து நிற்பது பிரெடன் குன்று. அதற்கும் இப்பால் ஈவ்ஷம் பள்ளத்தாக்கின் தோட்டங்களும் வயல்களும். கவென்ட்ரி குடும்பத்தின் குரூம் மாளிகை இருப்பதும் மால்வெர்ன் திசையில்தான். தீயின் ஒளி சென்று சேர வேண்டியிருந்த அத்திசையில் நெடுநேரம் பார்வையை நிறுத்தி, பிறகு மற்றப் பக்கங்களுக்குத் திரும்புங்கள். உச்சியில் காற்று பலமாக வீசக்கூடும் என்பதால், கோடையிலும் மேலங்கி ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.