முதல் புத்தகம் போடும் அவசரத்தில் செய்கிற தவறுகள்

என் கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. எல்லாம் என் முதல் கவிதைத் தொகுப்பு. 300 பிரதிக்குப் பணம் கட்டியவன் நான். விற்பது பதிப்பகத்தார் பாடு என்று நினைத்தவனும் நானே. அச்சானதும் 250 பிரதியை எனக்கு லாரி பார்சலில் அனுப்பிவிட்டுப் பதிப்பாளர் அடுத்த கவிஞரைப் பார்க்கப் போய்விட்டார்.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவது தப்பில்லை. ஆனால் அது அச்சு வேலைதான். அச்சகத்தில் கேட்பது போலவே எத்தனை பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்கள்), என்ன தாள், பைண்டிங் எப்படி என்று கேளுங்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால், 112 பக்கத்துக்கு ஏழு பாரம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தால் உஷார். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது ஒப்பந்தம். "நமக்குள்ள என்ன சார் அக்ரிமென்ட்" என்பார்கள். நாமும் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டுவோம். உண்மையில் எதுவும் எழுதாமல் இருந்தால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால் தவிர உரிமை கைமாறாது. கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, நமக்கே திரும்பிவிடும்.

வில்லங்கம் எல்லாம் ஒப்பந்தத் தாளில் வரும் ஒற்றை வரியில்தான்: "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே." மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் அந்த "அனைத்து"க்குள் போய்விடும். அதை அடித்துவிட்டு, "தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், மூன்று ஆண்டுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்கு, பத்து சதவீதம் என்றால் எதில் பத்து என்று கேட்க மறக்காதீர்கள். 200 ரூபாய் புத்தகத்தில் அட்டை விலைக்கு என்றால் 20 ரூபாய். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போன பிறகு கைக்கு வரும் தொகைக்கு என்றால் 12 ரூபாய்தான்.

ஒரே மின்னஞ்சலில் பத்துப் பதிப்பகங்களுக்குப் படைப்பை அனுப்பாதீர்கள். யாருமே திறக்க மாட்டார்கள்.

அப்புறம், ஜனவரி மோகம். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்று டிசம்பரில் கோப்பைக் கொடுப்போம். அந்த மாதம் அச்சகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து, இப்போது எல்லாக் கணினியிலும் ஓடும் யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். மெய்ப்பு பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, ஒரே இரவு கிடைக்கும். என் தொகுப்பில் "அறம்" வரவேண்டிய நான்கு இடத்திலும் "அரம்" என்றே அச்சாகியிருக்கிறது. படித்த நண்பர், "ஹார்டுவேர் கடை எப்ப வச்சீங்க?" என்று கேட்டார்.